நினைத்தால் வருமா வியாபாரம்?

எமது வியாபாரிகள் மத்தியில் அண்மைக் காலமாக ஒரு புதிய பாடம் நடத்தப்பட்டு வருகின்றது. எதை அடைய வேண்டுமோ அது கிடைத்துவிட்டதாகவே நினைக்க வேண்டும்; நினைப்பு உறுதியாக இருந்தால் பொருள் தானாகத் தேடி வரும்; சந்தேகப்பட்டால் வராது. இதுவே அந்தப் பாடம். சுபஹ் தொழுதுவிட்டுக் கைபேசியைத் திறந்தால் வட்ஸ்அப்பில் வந்து நிற்பது இதுதான். ஹோட்டல் மண்டபங்களில் கட்டணம் அறவிட்டு நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளிலும் இதுதான். மூன்று கடை வேண்டுமென்றால் மூன்று கடைகளின் படத்தைச் சுவரில் ஒட்டித் தினமும் பார்க்கச் சொல்கிறார்கள். இதற்கு 'மெனிபெஸ்டேஷன்' என்று பெயர். 2024ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அகராதி 'மெனிபெஸ்ட்' என்பதையே அவ்வருடத்தின் சொல்லாகத் தெரிவு செய்தது என்றால், உலகத்தில் இதற்கு இருக்கும் மவுசு விளங்கும்.

நம்பிக்கை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நம்பிக்கை இல்லாதவன் காலையில் கடைக் கதவைத் திறக்கவே மாட்டான். கடனுக்குச் சரக்குக் கொடுப்பவனும், அறியாத ஊரில் கிளை திறப்பவனும் நம்பிக்கையில்தான் செய்கிறான். என்னுடைய கவலை வேறு. கணக்குப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பாடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உட்காரும்போது முதலில் கல்லாப் பெட்டி காலியாகிறது. அதற்குப் பிறகு மனிதனின் மனமும் உடைகிறது. இந்த இரண்டாவது நட்டத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பழைய சரக்கு, புதிய பொதி

இது புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், மனதின் நினைப்பே நோயையும் வறுமையையும் உண்டாக்குகிறது என்று போதித்த ஓர் இயக்கம் இருந்தது. வில்லியம் வோக்கர் அட்கின்ஸன் என்பவர் 1906ஆம் ஆண்டிலேயே 'ஈர்ப்பு விதி' என்ற பெயரைத் தலைப்பில் வைத்துப் புத்தகம் போட்டார். 1910இல் வொலஸ் வோட்டில்ஸ், பணக்காரன் ஆவது ஒரு விஞ்ஞானம் என்று எழுதினார். 1937இல் நெப்போலியன் ஹில், 1952இல் நோர்மன் வின்சன்ட் பீல் என்று வரிசை நீண்டது. 2006ஆம் ஆண்டில் ரொண்டா பேர்ன் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி வோட்டில்ஸின் புத்தகத்தைப் படித்த உற்சாகத்தில் 'த சீக்ரட்' என்ற படத்தையும் புத்தகத்தையும் வெளியிட, அது உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. ஆக, நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரக்கு இது. பொதி மட்டுமே மாறியிருக்கின்றது.

இந்தச் சரக்கில் ஒரு தந்திரம் இருக்கின்றது. நினைத்தது நடந்தால் விதி உண்மை. நடக்காவிட்டால் நீங்கள் சரியாக நினைக்கவில்லை. விற்றவன் மீது ஒருபோதும் பிழை வராது. பழுதான மின்விசிறியை விற்றுவிட்டு, "நீங்கள் சுவிட்சைப் போட்ட விதம் பிழை" என்று சொல்லும் கடைக்காரனிடம் நாம் இரண்டாம் தடவை போவோமா?

ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்வது

உளவியலாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த கப்ரியேல எட்டிங்கன் என்ற பேராசிரியை பல வருடங்களாக இதையே ஆராய்ந்து வருகிறார். பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர்களை அவரும் அவரது சகாவும் 2 வருடங்கள் பின்தொடர்ந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலைவாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு.

அதே ஆய்வில் இன்னொரு விடயமும் வெளிவந்தது. தங்களுடைய கடந்த கால அனுபவத்தை வைத்து, "எனக்கு வேலை கிடைக்கும்" என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். எதிர்பார்ப்பு வேறு, கனவு வேறு. கடந்த மூன்று நோன்புப் பெருநாள் விற்பனையைப் பார்த்துவிட்டு, "இம்முறையும் இவ்வளவு போகும்" என்று சொல்வது எதிர்பார்ப்பு. ஒரு கணக்கும் இல்லாமல், "இம்முறை இரண்டு மடங்கு போகும் என்று மனம் சொல்கிறது" என்பது கனவு. மனம் சுவைத்து முடித்த வெற்றிக்காக உடல் உழைக்க மறுக்கிறது என்பதே எட்டிங்கனின் ஆய்வுகள் தரும் பாடம்.

மனநலத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அவரது குழுவினர் 2016இல் எடுத்துக்காட்டினார்கள். எதிர்காலத்தைப் பற்றி இனிய கற்பனைகளில் மூழ்கியவர்களுக்கு அந்த நேரத்தில் மனச்சோர்வு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் காலம் போகப் போக அவர்களிடமே மனச்சோர்வின் அறிகுறிகள் கூடிக் காணப்பட்டன. கைமாற்றுக் கடன் மாதிரி. வாங்கும்போது சுகம், தவணை வரும்போது சுமை.

கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வூட் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம் உள்ளவர்களை, தங்களைப் புகழும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது அவர்களுடைய மனநிலை உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது. காரணம் எளிது. வாய் ஒன்றைச் சொல்ல, உள்ளம் "பொய்" என்று பதில் சொல்கிறது. செக் திரும்பிய அன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று, "நான் கோடீஸ்வரன்" என்று சொல்லச் சொன்னால், அந்த மனிதனுக்கு அது மருந்தாகுமா, காயத்தில் உப்பாகுமா?

வியாபாரிகள் கட்டாயம் அறிய வேண்டியது 2023இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்ததில், மெனிபெஸ்டேஷனில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்கள் தங்களை மற்றவர்களை விட வெற்றியாளர்களாகக் கருதினார்கள். ஆனால் வருமானத்திலோ படிப்பிலோ அவர்கள் மேலே இருக்கவில்லை. ஆபத்தான முதலீடுகளில் அவர்களுக்கு நாட்டம் அதிகம். விரைவில் பெரும் பணம் வரும் என்ற எண்ணமும் அதிகம். வங்குரோத்து அடைந்தவர்களும் அவர்களிடையே கூடுதல். நம்பிக்கைதான் வங்குரோத்துக்குக் காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முதலீட்டுக்கு முன் இருமுறை யோசிக்க இது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரமிட் திட்டங்கள் எமது நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டவை. இருந்தும் அவை வேறு வேறு பெயர்களில் எமது ஊர்களுக்குள் வருகின்றன. அந்தக் கூட்டங்களில் பேசப்படும் பாஷையைக் கவனியுங்கள். "பெரிதாக நினை", "சந்தேகப்படுபவனோடு சேராதே", "உன் மனமே உன் எல்லை." இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவன் 'நெகடிவ்' ஆள் ஆகிவிடுகிறான். கேள்வியைத் தடுக்கும் இடத்தில் காசைக் கொடுக்கக் கூடாது.

எமது அனுபவம் சொல்வது என்ன?

வாழ்வில் நடப்பதெல்லாம் நமது எண்ணத்தால் ஈர்க்கப்பட்டது என்ற கொள்கையை அதன் முடிவு வரை கொண்டு சென்று பாருங்கள். 2014 ஜூனில் அளுத்கமையில் எரிந்த கடைகளை அவற்றின் சொந்தக்காரர்கள் ஈர்த்தார்களா? 2018 மார்ச்சில் திகனயிலும் சுற்றுப்புறங்களிலும் சாம்பலானவற்றை? 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகள் தாக்கப்பட்டபோது, பெருநாளைக்கென்று சரக்கு நிரப்பி வைத்திருந்தவர்கள் போதிய அளவு நல்லதை நினைக்கவில்லையா? அடுத்த வருடம் அதே பெருநாள் சீசனைக் கொவிட் ஊரடங்கு விழுங்கியது. அதுவும் நினைப்பின் குறைபாடா?

2022ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வருடம் பெப்ரவரியில் ஒரு வியாபாரி 20,000 டொலர் பெறுமதியான சரக்கை 90 நாள் தவணையில் இறக்கியிருந்தால், அன்றைய சுமார் 203 ரூபா வீதப்படி அவரது கடன் 40 இலட்சத்து 60 ஆயிரம். மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. மே நடுப்பகுதியில் டொலர் சுமார் 360 ரூபா. அதே கடன் 72 இலட்சம். அவர் தூங்கி எழும்புவதற்குள் 31 இலட்சத்து 40 ஆயிரம் கூடிவிட்டது. இடையில் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. இந்தச் சூறாவளியில் விழுந்தவனிடம், "உன் எண்ணத்தைச் சரி பார்" என்று சொல்வது அறிவுமல்ல, இரக்கமுமல்ல. அதே வருடம் தாக்குப் பிடித்தவர்கள் கடனைக் குறைவாக வைத்திருந்தவர்கள், கையில் கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள், ஒரே சரக்கில் எல்லாவற்றையும் போடாதவர்கள். அதாவது, கெட்டதும் நடக்கலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர்கள்.

கடையில் வாயை மூடும் சொல்

இந்தப் பாடத்தின் பெரிய தீமை கடைக்குள்ளே நடக்கிறது. பத்து வருடமாக நிற்கும் ஊழியர், "முதலாளி, இந்த டிசைன் போன முறையே தேங்கியது, திரும்ப எடுக்க வேண்டாம்" என்கிறார். "நெகடிவ்வாகப் பேசாதே தம்பி" என்ற ஒரு பதிலோடு கதை முடிகிறது. அடுத்த தடவை அவர் பேச மாட்டார். வீட்டில் மனைவி, "இந்த மாதம் எத்தனை செக் இருக்கிறது?" என்று கேட்டால் அதுவும் அபசகுனம். மகன் கணக்குக் கேட்டால் நம்பிக்கையில்லாத பிள்ளை. இப்படி ஒவ்வொருவராக வாயை மூடிய பிறகு, முதலாளியைச் சுற்றி நல்ல செய்தி மட்டுமே மிஞ்சும். கெட்ட செய்தி வங்கியிலிருந்து கடிதமாக வரும்.

மார்க்கத்தின் பெயரால்

இன்று சிலர் இதற்குத் தொப்பியும் போட்டுவிட்டார்கள். அடியான் தன்னைப் பற்றி எப்படி எண்ணுகிறானோ அப்படியே தான் இருப்பதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியைக் காட்டி, மெனிபெஸ்டேஷன் இஸ்லாத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். அந்த ஹதீஸ் அல்லாஹ்வின் மீது நல்லெண்ணம் வைப்பதைப் பற்றியது. அவனுடைய கருணையில் நம்பிக்கை இழக்காதே என்பது அதன் பொருள். அடியான் நினைத்த மாடலில், நினைத்த நிறத்தில் வாகனம் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் இல்லை. துஆ கேட்பவன் தன்னை ஏழை என்று ஒப்புக்கொண்டு கேட்கிறான். மெனிபெஸ்ட் செய்பவன் பிரபஞ்சத்துக்கு ஓடர் கொடுக்கிறான். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சூரதுல் கஹ்பில் வரும் இரண்டு தோட்டக்காரனை நினைத்துப் பாருங்கள். தன் தோட்டம் ஒருபோதும் அழியாது என்று அவன் உறுதியாக எண்ணினான். இன்றைய பட்டறைகளின் கணக்கில் அவன் முதல்தர மாணவன். காலையில் தோட்டம் சரிந்து கிடந்தது. காரூன் தன் செல்வம் தன் அறிவால் வந்தது என்றான். அவன் கதையும் தெரியும். மறுபுறம் நபி யூசுப் (அலை) அவர்களோ ஏழு செழிப்பான வருடங்களுக்குள் நின்றுகொண்டு, வரப்போகும் ஏழு பஞ்ச வருடங்களுக்குக் கதிரோடு தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்கள். அதை யாரும் நெகடிவ் சிந்தனை என்று சொல்லவில்லை. அதனால்தான் ஒரு தேசம் பிழைத்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. மறதியும் தகராறும் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கும் வசனம் அது. எமது மார்க்கம் வியாபாரியைக் கனவு காணச் சொல்லி விட்டுவிடவில்லை. கையில் பேனாவையும் கொடுத்திருக்கிறது.

மனம் உடையும் இடம்

தொழில் விழுந்தவனுக்கு மூன்று சுமை. ஒன்று கடன். இரண்டாவது வெட்கம். மூன்றாவது சுமையை இந்தப் பாடம் ஏற்றி வைக்கிறது. "என் நினைப்பு போதவில்லை, என் நம்பிக்கை போதவில்லை, பிழை முழுவதும் எனக்குள்ளே" என்பதே அது. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்டிருந்தால் அது, "என் ஈமான் பலவீனம்" என்று மாறுகிறது. பிறகு அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். ஜும்ஆவுக்கு வேறு பள்ளிக்குப் போவான். தெரிந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டான். வீட்டில் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாமும், "மாஷா அல்லாஹ், ஆள் பொஸிடிவ்" என்போம். உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த மௌனத்துக்குள்தான் வளர்கிறது.

கவலைப்படுவது ஈமானின் குறைவல்ல. மகனைப் பிரிந்த துக்கத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவரே, அழுதவரும் அவரே. நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் ஒரே துஆவில் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். கடனும் மனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

என்ன செய்யலாம்?

முதலாவது, கெட்ட செய்திக்குக் கடையில் ஒரு நாற்காலி போடுங்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிய ஒரு வழி மிகவும் எளிது. பெரிய முடிவு எடுக்கும் முன் கூட்டாளி, மனேஜர், மகன், கணக்குப் பார்ப்பவர் எல்லோரையும் உட்கார வைத்து, "ஒரு வருடம் கழிந்து இந்தத் திட்டம் தோற்றுவிட்டது. ஏன் தோற்றது?" என்று கேட்பது. ஒவ்வொருவரும் காரணத்தை எழுத வேண்டும். மஷூராவின் சுன்னத் எமக்கு ஏற்கெனவே உண்டு. இந்தக் கேள்வியை அதில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கனவு காண்பதாக இருந்தால் வேலையைக் கனவு காணுங்கள். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததாகக் கற்பனை செய்த மாணவர்களை விட, எப்படி உட்கார்ந்து படிப்பது என்று கற்பனை செய்தவர்களே நன்றாகச் செய்தார்கள். மூன்றாவது கடையின் படத்தைச் சுவரில் ஒட்டுவதற்குப் பதிலாக, இந்த மாதம் எந்தப் பாக்கியை எந்தத் திகதியில் அறவிடுவது என்ற பட்டியலை ஒட்டுங்கள்.

மூன்றாவது, கிழமைக்கு ஒரு தடவை மூன்று இலக்கங்களை ஒரு தாளில் எழுதுங்கள். கையில் உள்ள காசு, அடுத்த 30 நாளில் வங்கிக்கு வரும் செக்குகளின் மொத்தம், 90 நாளாக அசையாமல் கிடக்கும் சரக்கின் பெறுமதி. அந்தத் தாளை வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள். அறியாத பயம் இரவில் வளரும். எழுதிய பயத்துக்கு ஓர் எல்லை உண்டு.

நான்காவது, இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, எதிலும் மனம் செல்லவில்லை, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்குப் பட்டறையல்ல, வைத்தியரே தேவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலை காட்டினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர் வெட்கப்படுவதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறது.

கடைசியாகப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் வர்த்தக சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி அல்குர்ஆன் சொல்கிறது. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் உட்கார வைத்துத் தவணை பேசிக் கொடுக்க ஊருக்கு மூன்று நம்பிக்கையான மனிதர்கள் போதும். கணக்கு அறிந்தவர் ஒருவர், மார்க்கம் அறிந்தவர் ஒருவர், வாயை மூடத் தெரிந்தவர் ஒருவர். ஊக்கப் பேச்சாளருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை அழகிய கடன் நிதிக்கு ஒதுக்கினால், அந்த நிதி எத்தனையோ பேச்சுகளை விட அதிகமான மனங்களைத் தேற்றும்.

விழுந்த வியாபாரியைக் கண்டால், "நல்லதை நினை, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். "எவ்வளவு கடன்? யாருக்கு? வா, உட்கார்ந்து எழுதுவோம்" என்று கேளுங்கள். அவனுக்கு அன்று இரவு தூக்கம் வருவதென்றால் அந்தக் கேள்வியால்தான் வரும். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத்தையும், கணக்குகளில் நேர்மையையும், உள்ளங்களில் நிம்மதியையும் தந்தருள்வானாக.